கேமராவுக்குக் கீழே மூன்று விரல்

இன்டர்வியூவுக்குத் தமிழில் நேர்காணல் என்று பெயர். தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளையைத் தாண்டி வடக்கே கேரளத்துப் பாறசாலைக்குள் நுழைந்துவிட்டால் அதே காரியம் ‘அபிமுகம்’ ஆகிவிடும். நேராகக் காண்பது என்று நாம் சொல்கிறோம். முகத்துக்கு முகம் நிற்பது என்று மலையாளம் சொல்கிறது. எங்கள் எல்லை ஊர்களில் இரண்டு சொல்லும் ஒரே வீட்டில் கேட்கும். ஆனால் லேப்டாப்பிலோ செல்போனிலோ நடக்கும் நேர்காணலில் இவை இரண்டுமே முழுதாக நடப்பதில்லை. கேள்வி கேட்பவரின் கண் திரையின் நடுவில் இருக்கிறது. நம்மை அவருக்குக் காட்டும் கேமரா மேல் விளிம்பில் இருக்கிறது. அவர் கண்ணைப் பார்த்துப் பேசினால் நாம் குனிந்திருப்பதாக அவருக்குத் தெரியும். கேமராவைப் பார்த்துப் பேசினால் அவர் கண்ணைப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றும். அவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்பது நமக்குத் தெரியாமல் போகும். எதிரே இருக்கும் ஒருவரின் கண்ணைப் பார்ப்பதும், பார்ப்பதாக அவருக்குத் தெரிவதும் இத்தனை காலமும் ஒரே செயலாக இருந்தன. வீடியோ கால் அதை இரண்டாக உடைத்துவிட்டது.

இதைப் பற்றி எழுத எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. என் தங்கை மகள் செவிலியர். பாறசாலைக்குக் கிழக்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் அவர்கள் வீடு. ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஆன்லைனில் இன்டர்வியூ நடந்தது. முன்னறை மேசையில் பிஸ்கட் டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னாள். நான் அடுத்த அறையில் கதவோரம் நின்றிருந்தேன். அந்த அரை மணி நேரமும் அவள் திரையில் தெரிந்த அம்மையாரின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான்கு நாள் கழித்து வந்த பதிலில் வேலை இல்லை என்று இருந்தது. கூடவே, பேசும்போது வேறெங்கோ பார்க்கிறார், ஈடுபாடு போதாது என்று ஒரு குறிப்பு. பிள்ளை அன்று சாப்பிடவில்லை. போனை அவள் படுக்கை வசமாக வைத்திருந்தாள். கேமரா இடது ஓரத்துக்குப் போய்விட்டது. அவள் நேராகப் பார்த்தது அந்தப் பக்கம் பக்கவாட்டுப் பார்வையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எங்கள் பக்கத்து ஊர்களில் வீடியோ கால் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று களியக்காவிளைப் பக்கத்து விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பாறசாலைப் பக்கத்து நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதற்குப் பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து களியக்காவிளையில் வழி அடைபட்டபோது, நடந்துபோய்ப் பார்த்துவந்த தாய்வீட்டைப் பெண்கள் வாட்ஸ்ஆப்பில் பார்த்தார்கள். பொழியூர், நீரோடிக் கடற்கரையில் வளைகுடாப் படகுகளுக்குப் போனவர்களின் வீடுகளில் அதற்கு முன்பே இரவுதோறும் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. காரக்கோணம் சிஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி, நெய்யாற்றின்கரை மருத்துவமனைகள் என்று சுற்றுவட்டாரத்தில் செவிலியம் படித்து வெளிநாடு பார்க்கும் பிள்ளைகள் ஏராளம். கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் 2021 இல் ஜெர்மனியின் வேலைவாய்ப்பு முகமையோடு செவிலியரை அனுப்பும் ‘ட்ரிப்பிள் வின்’ ஒப்பந்தம் செய்த பிறகு ஜெர்மன் வகுப்புக்குப் போகிறவர்களும் கூடிவிட்டார்கள். கழக்கூட்டத்தில் 1990 இல் தொடங்கிய டெக்னோபார்க்குக்கு ரயிலேறிப் போகும் பட்டதாரிகளுக்கும் இன்று முதல் சுற்று பெரும்பாலும் திரையில்தான். இத்தனை பேருடைய பிழைப்பும் ஒரு மிளகு அளவு லென்ஸின் வழியாகப் போய்வருகிறது.

கண் பொருந்தாத இந்தக் குறை புதியதல்ல. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் பிக்சர்போன் என்ற படத் தொலைபேசியைக் காட்டியது. 1970 இல் பிட்ஸ்பர்க்கில் கட்டணச் சேவையாகவே தொடங்கியது. விலை தாங்காமல் அது சில ஆண்டுகளில் படுத்துவிட்டது. ஆனால் கேமராவும் படமும் ஓரிடத்தில் இல்லாததால் பார்வை விலகும் என்பதை அதை வடிவமைத்தவர்களே அறிந்து, கேமராவைத் திரைக்கு நெருங்க வைக்கப் பாடுபட்டார்கள். இந்தக் குறைக்குக் கைக்கு எட்டும் விடை கிடைத்தது 2002 இல். ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்த மில்டன் சென், ஒருவர் பார்வை எந்தப் பக்கம் எவ்வளவு விலகினால் எதிரில் இருப்பவர் அதைக் கண்டுபிடிக்கிறார் என்று அளந்தார். இடம், வலம், மேல் என்று சிறிது விலகினாலே தெரிந்துவிடுகிறது. கீழே விலகினால் மட்டும் நம் கண் பொறுத்துக்கொள்கிறது. ஏறத்தாழ 5 டிகிரி வரை, என்னைத்தான் பார்க்கிறார் என்றே எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்கிறார். கேமரா திரைக்கு மேலே இருப்பது அதனால் நமக்குச் சாதகம்.

அந்த 5 டிகிரியை வீட்டுக் கணக்கில் கொண்டுவரலாம். கை நீட்டித் தொடும் தூரத்தில், அதாவது 60 சென்டிமீட்டரில் லேப்டாப் இருந்தால் 5 டிகிரி என்பது 5 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். மூன்று விரலைச் சேர்த்துவைத்த அகலம். கேமராவுக்குக் கீழே அந்த மூன்று விரலுக்குள் எதிரில் இருப்பவரின் கண் வந்துவிட்டால் போதும். நாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம், அவருக்கும் குறை தெரியாது. தங்கை வீட்டில் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தோம். 14 அங்குல லேப்டாப்பில் திரையின் நடுப்பகுதி கேமராவிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் கீழே கிடக்கிறது. கோணம் 9 டிகிரியைத் தாண்டுகிறது. வீடியோ ஜன்னலை முழுத்திரையாக விரித்துவைத்தால் பெரிய முகம் தெரியும், பார்வை கீழே போய்விடும். அதைச் சுருக்கி, மேலே இழுத்து, கேமராவுக்கு நேர் கீழே நிறுத்தினோம். இரண்டு தடிமனான பாடப் புத்தகங்களை அடியில் வைத்து லென்ஸைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினோம். இவ்வளவுக்கும் ஒரு பைசா செலவில்லை.

போனில் பேசுகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். கையில் பிடித்து 35 சென்டிமீட்டரில் வைத்தால் 5 டிகிரிக்கு மூன்று சென்டிமீட்டர்தான் இடம். இரண்டு விரல்கூட இல்லை. கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் இடம் கூடும். போனை நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்கை வசமாக வைத்தால் படம் அழகாக விரியும், ஆனால் விலகல் பக்கவாட்டுக்குப் போகும். நம் கண் மன்னிக்காத திசை அது. மேசைமேல் மல்லாத்தி வைத்துக் குனிந்து பேசினால் முகவாயும் கூரையும்தான் தெரியும். வெளிச்சமும் அப்படியே: பழைய ஓட்டு வீடுகளில் சன்னல் சின்னது, முதுகுப் பக்கம் அது இருந்தால் முகம் நிழலாகிவிடும், கண் எங்கே பார்க்கிறது என்ற பேச்சுக்கே இடமிருக்காது. சன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் மழைக்கால மத்தியானத்திலும் கருவிழி தெரியும்.

இதெல்லாம் உண்மையிலேயே வேலையைத் தீர்மானிக்கிறதா, அல்லது வீண் பதற்றமா என்ற கேள்வி நியாயமானது. ஜெர்மனியில் பாஷ், மெல்கர்ஸ் குழுவினர் நேரிலும் வீடியோவிலும் நேர்காணல் நடத்தி ஒப்பிட்டார்கள். வீடியோவில் வந்தவர்களுக்கு மதிப்பெண் குறைவாகவே விழுந்தது. ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தின் மசாஹிரோ ஷின்யா குழுவினர் 2024 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது: ஒத்திகை நேர்காணலில் கேமராவைப் பார்த்துப் பேசியவர்களைவிடத் திரையைப் பார்த்துப் பேசியவர்களுக்கு மதிப்பு குறைந்தது. திரையைப் பார்த்தவர்கள் எதிரில் இருப்பவரைத்தான் பார்த்தார்கள். அக்கறையோடு பார்த்ததற்குத்தான் அவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. இதைப் படித்தபோது தங்கை மகளுக்கு வந்த அந்தக் குறிப்பு எனக்கு விளங்கியது.

பின்லாந்தின் தாம்பெரே பல்கலைக்கழகத்தில் 2020 இல் வெளிவந்த ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. கண்ணோடு கண் பொருந்தும்போது தோலில் ஏற்படும் மெல்லிய மின் மாற்றத்தை அளந்தார்கள். நேரில் நடந்தது வீடியோ காலிலும் நடந்தது. முன்பே பதிவு செய்த வீடியோவில் அப்படி நடக்கவில்லை. அவர் இப்போது என்னைப் பார்க்கிறார் என்ற அறிவுதான் உடம்பைத் தொடுகிறது. கண்ணாடியும் மின்சாரமும் நடுவில் இருந்தாலும் அந்தத் தொடுகை உண்மையானது. பொழியூரில் பிள்ளை முகம் பார்த்துத் தூங்கப் போகும் தாய்மாருக்கு இதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எவ்வளவு நேரம் பார்ப்பது? கேமராவை முறைத்துக்கொண்டே இருக்கச் சொல்லும் பயிற்சியாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பல நாட்டவரை வைத்து நடத்தி 2016 இல் வெளியான ஆய்வில், ஒருவர் பார்வையை மக்கள் சுகமாகத் தாங்கியது சராசரியாக 3.3 விநாடி. பழைய தூர்தர்ஷன் செய்தி வாசிப்பாளர்களை நினைத்துக்கொண்டால் போதும். தாளைப் பார்த்தார்கள், வாக்கியம் முடியும்போது நிமிர்ந்தார்கள். அவர்கள் நம்மைப் பார்க்கவில்லை என்று எந்த வீட்டிலும் யாரும் சொன்னதில்லை. நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: பதிலைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் லென்ஸைப் பார், நடுவில் முகத்துக்கு வா, அவர் பேசும்போது முழுக்க முகத்தையே பார்.

யோசிக்கும்போது கண் எங்காவது போகும். போகட்டும். கடினமான கேள்விக்கு விடை தேடும்போது மனிதர் பார்வையை விலக்குவதும், விலக்கினால் நினைவு எளிதாக வருவதும் 1998 இல் கிளென்பெர்க் குழுவினர் காட்டியவை. ஆனால் வீட்டிலிருந்து கேமரா கண்காணிப்பில் எழுதும் தேர்வுகளில், பார்வை திரையைவிட்டு விலகினாலே சந்தேகம் எழுகிறது. மேலே பார்த்து யோசிக்கும் பிள்ளையைத் திருட்டுத்தனம் செய்பவளாகக் குறிப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு தடை உண்டு. “பெரியவங்க பேசும்போ எதுக்கு மூஞ்சியையே பாத்துட்டு நிக்க?” என்று கேட்டு வளர்ந்த ஊர் இது. பார்வையைத் தாழ்த்துவது இங்கே மரியாதை. அதே வீட்டில், பொய் சொல்கிறான் என்று சந்தேகம் வந்தால் “என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு” என்பார்கள். மலையாளம் பேசும் அண்டை வீட்டிலும் “முகத்து நோக்கிப் பறயடா” என்றுதான் அதட்டல் விழும். ஆகக் கண்ணுக்குக் கண் பார்ப்பது பிள்ளைக்கு அறிமுகமாவது விசாரணையில். இருபத்திரண்டு வயதில் இன்டர்வியூவில் அதையே செய் என்றால் உடம்பு குற்றவாளியைப்போல் இறுகிப்போகாமல் என்ன செய்யும்? நாம் மட்டும் இப்படி இல்லை. 2013 இல் பின்லாந்துக்காரர்களையும் ஜப்பானியரையும் ஒப்பிட்ட ஆய்வில், நேராகப் பார்க்கும் முகம் ஜப்பானியருக்குக் கோபமான, அணுக முடியாத முகமாகப் பட்டது. ஆட்டிசம் உள்ள பலருக்குக் கண் பார்ப்பதே வலி.

இங்கேயே இதற்கு எதிரான பயிற்சியும் இருக்கிறது. அடிமுறை என்றும் சொல்லப்படும் தெக்கன் களரியில், எதிரியின் கண்ணைவிட்டுக் கண்ணை எடுக்காதே என்று சொல்லிக்கொடுப்பார்கள். மெய் கண்ணாக வேண்டும் என்பது களரிக்காரர்களின் பேச்சு. அடிமுறை படித்த பையன்கள் லென்ஸுக்கு முன் தடுமாறாமல் இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். வீட்டில் தமிழும் சந்தையில் மலையாளமும் வேலையில் இங்கிலீஷும் பேசப் பழகிய பிள்ளைகள் இவர்கள். வீட்டில் ஒரு பார்வை, இன்டர்வியூவில் ஒரு பார்வை என்று மாற்றிக்கொள்வது மொழி மாற்றுவதைவிடக் கடினமல்ல. பழைய பார்வை தவறு என்று அவர்களிடம் சொல்லத் தேவையில்லை, சொல்லவும் கூடாது.

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன: 71 அமைச்சியலில், 110 காமத்துப்பாலில். அரசவையில் முகம் படிப்பதற்கும் காதலில் கண் படிப்பதற்கும் ஒரே பெயர். வேலைக்கான திரையும் உறவுக்கான திரையும் ஒன்றாகிவிட்ட இந்தக் காலத்தில் அந்தப் பெயர்ப் பொருத்தம் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. 58 ஆவது அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம். இன்று அந்தச் சொல்லைக் கருத்து என்ற பொருளில் எழுதித் தள்ளுகிறோம். குறளில் அது எதிரில் இருப்பவர்மேல் இரக்கத்தோடு கண் ஓடுவது. நேர்காணல் நடத்துகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது அதைத்தான். விண்ணப்பித்தவரின் கேமரா எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தொடங்கும்போதே, “திரையைப் பார்த்தே பேசுங்கள், கேமராவைப் பற்றிக் கவலை வேண்டாம்” என்று ஒரு வார்த்தை சொல்லலாம். லேப்டாப்பில் கேமராவையும் பக்கத்தில் வேறு மானிட்டரில் படத்தையும் வைத்துக்கொண்டு பேசும் அதிகாரிகள் எத்தனையோ பேர். அவர்கள் முகம் ஓரமாகத் திரும்பியிருப்பதைப் பார்த்து, நம்மைப் பிடிக்கவில்லை என்று நினைத்து மனம் உடைந்து பேசிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கண்ணோடு தாமதமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு வீட்டின் முன்னறையில் ஒரு மாநிலத்து டவரும் அடுக்களையில் மறுமாநிலத்து டவரும் பிடிக்கும் ஊர் எங்களுடையது. நடந்துகொண்டே பேசினால் குரல் அறுபடும். ஒருவர் பேசி மற்றவருக்குக் கேட்க 150 மில்லிவிநாடிக்கு மேல் ஆகாமலிருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இணைப்பு தாமதமானால் எதிரில் இருப்பவரையே கவனமில்லாதவர் என்று மனிதர்கள் மதிப்பிடுவதை 2014 இல் ஒரு ஜெர்மன் ஆய்வு கண்டது. இணைப்பின் குற்றம் குணத்தின் குற்றமாக எழுதப்படுகிறது. இன்டர்வியூ நாளில் ஓரிடத்தில் உட்கார்ந்து, முடிந்தால் கம்பிவழி இணைப்பில் பேசுவது கண் பயிற்சி எல்லாவற்றையும்விடப் பயன் தரும்.

திரையின் மூலையில் நம் முகமே தெரியும் சின்னப் பெட்டி தனிக் கதை. ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லென்சன் 2021 இல் வீடியோ களைப்புக்குச் சொன்ன நான்கு காரணங்களில் அதுவும் ஒன்று. எங்கள் மண்ணில் கண்ணாடிக்குப் பெரிய மரியாதை உண்டு. சாமித்தோப்புப் பதியில் அய்யா வைகுண்டர் வழியினர் கண்ணாடி முன் நின்று வணங்குகிறார்கள். நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில் 1888 இல் சிவனைப் பிரதிஷ்டை செய்த நாராயண குரு, 1927 இல் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். அந்தக் கண்ணாடி ஒரு நிமிடம் நின்று தன்னை அறிவதற்கு. முக்கால் மணி நேரம் தன் முடியையும் காலரையும் பார்த்துக்கொண்டே இன்னொருவருக்குப் பதில் சொல்ல எந்த மனத்தாலும் முடியாது. தொடக்கத்தில் ஒருமுறை பார்த்துச் சரிசெய்துவிட்டு அந்தப் பெட்டியை மறைத்துவிட வேண்டும்.

கருவி செய்கிறவர்கள் சும்மா இல்லை. செய்தி வாசிப்பவர் முன் இருக்கும் டெலிப்ராம்ப்டரில் சாய்ந்த கண்ணாடிக்குப் பின்னால் கேமரா ஒளிந்திருக்கும். எழுத்தும் லென்ஸும் ஒரே கோட்டில். 2020 முதல் திரைக்கு அடியில் கேமரா உள்ள போன்கள் வந்தன, அதிலும் கேமரா மேல் ஓரத்தில்தான். ஆப்பிளின் ஃபேஸ்டைம் 2020 இலும் என்விடியாவின் மென்பொருள் 2023 இலும் வேறு வழி எடுத்தன: நாம் எங்கே பார்த்தாலும் கேமராவைப் பார்ப்பதுபோல் கருவிழியை வரைந்துவிடுகின்றன. ஆரன்முளைக் கண்ணாடியில் விரலை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி இருக்காது. உலோகத்தின் மேற்பரப்பே பிம்பத்தைக் காட்டுவதால் அப்படி. அந்த நேர்மை இந்த வரைந்த கண்ணில் இல்லை. வேலை கேட்டுப் போகிறவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மறுபுறம், முகபாவத்தை இயந்திரமே எடைபோடும் வழக்கத்துக்குத் தடை வந்திருப்பது ஆறுதல். ஹயர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம் முகத்தைப் பகுக்கும் வேலையைக் கைவிட்டதாக 2021 இல் அறிவித்தது. வேலையிடத்தில் உணர்ச்சியைக் கணிக்கும் இயந்திரங்களை ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்கிறது.

தங்கை மகளின் இரண்டாவது இன்டர்வியூவுக்கு முந்தின நாள் சாயங்காலம், லென்ஸ் எங்கே என்று பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடவில்லை. கறுப்பு விளிம்பில் கறுப்புப் புள்ளி. என் தங்கை எழுந்துபோய், முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டத்தில் ஒட்டிவைத்திருந்த சிவப்பு ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்துவந்து கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். “இதப் பாத்துப் பேசு மக்களே. நாந்தான் இருக்கேன்னு நெனச்சுக்க.” அந்த வேலை கிடைத்தது.

இப்போது மகள் ஜெர்மனியில். லேப்டாப் தங்கை வீட்டில்தான் இருக்கிறது, பொட்டும் இருக்கிறது, நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது. ஒருநாள் ராத்திரி நான் பக்கத்தில் இருந்தேன். “அம்மா, நீ கீழயே பாக்கியே, என்னப் பாரு” என்றாள் பிள்ளை. தங்கை பொட்டைப் பார்த்தாள். அங்கே பிள்ளை முகம் மலர்ந்தது. அதைத் தங்கை பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தங்கைக்குப் பொறுக்கவில்லை. பார்வையை இறக்கி மகள் முகத்துக்கே வந்துவிட்டாள்.

“இப்பிடிச் செய்வோம் மக்களே. நான் பேசும்போ பொட்டப் பாக்கேன், நீ என் கண்ணப் பாத்துக்க. நீ பேசும்போ எனக்கு உன் மூஞ்சியப் பாக்கணும்.”